தப்பான வழியில் வந்த காற்று

எம்.ஜி.பி. என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரானது. 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். இன்றும் பலர் ஆசையாகப் பராமரித்து ஓட்டுகிறார்கள். அதன் 1,798 சி.சி. இஞ்சின் வேறு யாருமில்லை, நம் ஊர் அம்பாசடரில் வெகுகாலம் ஓடிய 1,489 சி.சி. இஞ்சினுக்குக் கூடப் பிறந்த அண்ணன்தான்!

இந்தக் காரில் கம்ப்யூட்டர் கிடையாது. கோளாறு எங்கே என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். அடிக்கடி வரும் இரண்டு கோளாறுகளைப் பார்ப்போமா?

வண்டி ரோட்டில் நன்றாகத்தான் ஓடுகிறது. நிறுத்தினால் இஞ்சின் ஏறி இறங்கித் தடுமாறி, சில சமயம் அணைந்தே விடுகிறது. இது முதலாவது. காரணம் தெரிய, இஞ்சினுக்குள் போய்ப் பார்ப்போம்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் இடம் பெரிதாகிறது, அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் காற்று சும்மா இருக்குமா? ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 1 கிலோ எடை வைத்ததுபோல் அது அழுத்திக்கொண்டே இருக்கிறதே! உடனே உள்ளே பாய்கிறது. போகிற வழியில் கார்புரேட்டரைக் கடக்கும்போது பெட்ரோலையும் சேர்த்துக்கொள்கிறது. 1 கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 15 கிராம் காற்று. இதுதான் சரியான கலவை.

பல எம்.ஜி.பி.களில் இருப்பவை எஸ்.யு. கார்புரேட்டர்கள். இவற்றை உருவாக்கிய ஸ்கின்னர், காலணி வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. அதனால்தானோ என்னவோ, முதலில் செய்த கார்புரேட்டரில் தோல் துருத்தி வைத்தார்! பிறகு அந்த இடத்துக்கு உலோகப் பிஸ்டன் வந்தது. அதன் அடியில் கீழே போகப்போகக் கூராகும் ஊசி ஒன்று உண்டு. காற்று அதிகம் ஓடினால் பிஸ்டன் மேலே எழும், ஊசியும் கூடவே எழும், அது செருகியிருக்கும் பெட்ரோல் துளை அகலமாகும். எவ்வளவு எளிமையான ஏற்பாடு பாருங்கள்.

இனி, ஓட்டை விழுந்த ஸ்ட்ராவால் ஜூஸ் குடித்துப் பாருங்கள். ஜூஸ் குறைவாகத்தான் வரும், காற்றுதான் வாய்க்குள் நிறையும். கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவே இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் விரிசல் விட்டாலோ, ரப்பர் குழாய் கிழிந்தாலோ அதே கதைதான். பெட்ரோல் சேராத வெறும் காற்று குறுக்கே நுழைந்துவிடும். மெக்கானிக்குகள் ‘ஏர் இழுக்குது’ என்பார்கள். பழைய எஸ்.யு.வில், காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலின் தண்டு தேய்ந்து அதன் ஓரமாகவும் இழுக்கும்.

அப்படியானால் ஓடும்போது மட்டும் ஏன் தடுமாறவில்லை? வண்டி நிற்கும்போது இஞ்சினுக்குக் கொஞ்சம் காற்றே போதும். அதில் திருட்டுக் காற்றின் பங்கு பெரிது. வேகமாக ஓடும்போது காற்று ஏராளமாக வருவதால் அந்தப் பங்கு சிறுத்துப்போகிறது.

சோதிக்க ஒரு அழகான வழி உண்டு. கார்புரேட்டரின் அடியில் ஒரு குட்டிக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தள்ளினால் பிஸ்டன் 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக எழும். இஞ்சின் வேகம் கூடி அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம். குறைந்து அணையப் பார்த்தால் காற்று அதிகம். லேசாகக் கூடி உடனே பழையபடி ஆனால் கலவை சரி. (சூடான இஞ்சின், பெட்ரோல் ஆவி, இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். நீங்கள் தள்ளி நின்று காதால் கேளுங்கள்.)

இரண்டாவது கோளாறு: இஞ்சினையும் கியரையும் பிரிக்கும் கிளட்சை முழுதாக மிதித்தும் ரிவர்ஸ் கியர் ‘கர்ர்ர்’ என்று அலறுகிறது. எம்.ஜி.பி.யில் மிதியையும் கிளட்சையும் இணைப்பது கம்பி அல்ல, குழாய்க்குள் இருக்கும் திரவம். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. அதனால் இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் அப்படியே தள்ளும். குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்திருந்தால்? காலின் விசை குமிழியைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும். கிளட்ச் பாதிதான் விலகும்.

மிதியை நாலைந்து முறை வேகமாக மிதித்த பிறகு கியர் சத்தமில்லாமல் விழுந்தால், பெரும்பாலும் காற்றுதான் குற்றவாளி. குழாயின் கிளட்ச் பக்க முனையில் இருக்கும் சிலிண்டரின் சிறு திருகைத் தளர்த்தி, அதில் மாட்டிய குழாயை அதே திரவம் உள்ள பாட்டிலில் விட்டு மிதித்தால் குமிழிகள் புளுபுளுவென்று வெளியேறும். ஒரே வாரத்தில் மறுபடி மிதி இறங்கினால், சிலிண்டரின் ரப்பர் சீல் போய்விட்டது என்று பொருள், மாற்ற வேண்டியதுதான்.

காற்று இல்லை, கசிவும் இல்லை என்றால் மிதியை இணைக்கும் முளையைக் கழற்றிப் பாருங்கள். அது நுழையும் துளை தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கலாம். அந்த ஆட்டத்திலேயே மிதி நகரும் தூரத்தில் ஒரு பகுதி வீணாகிவிடும். இதையெல்லாம் பார்க்காமல் கிளட்ச் தட்டைக் குறை சொல்லக் கூடாது. ஏனென்றால் எம்.ஜி.பி.யில் அந்தத் தட்டை மாற்ற இஞ்சினையே வெளியே தூக்க வேண்டும்!