ஸ்டாருக்குத் தடை விழுந்தால் டீம் தாங்கிக்கும்... அவருக்காகப் பேசுறது யாரு?

பொங்கல் லீவில் திண்டிவனம், செஞ்சி, வல்லம் பக்கம் நடக்கிற டென்னிஸ் பால் டோர்னமென்ட் நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். முதல் பரிசு, நுழைவுக் கட்டணம் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். கடைசி வரி மட்டும் சின்னதாக இருக்கும்: 'கமிட்டி முடிவே இறுதியானது.'

நல்லா ஆடுற பையனைப் பக்கத்து ஊர் டீம் கூப்பிடும். அவனும் போவான். "எங்க பிளேயரை எப்படி எடுத்தீங்க?" என்று சண்டை வரும். கடைசியில் கமிட்டி அவனை உட்கார வைத்துவிடும். அவன் தரப்பை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"அட, இது ஊர் மேட்ச்தானே?" என்கிறீர்களா? இதே கதை ஐபிஎல்லிலும் நடந்தது. மாட்டியவர், பின்னாளில் சென்னை ரசிகர்கள் 'தளபதி' என்று கொண்டாடிய ரவீந்திர ஜடேஜா.

21 வயதில் ஒரு சீசன் காலி

2008-ல் ஷேன் வார்ன் தலைமையில் ராஜஸ்தான் ராயல்ஸ் முதல் ஐபிஎல் கோப்பையை வென்றபோது ஜடேஜாவுக்கு 19 வயது. இரண்டு சீசன் ஆடினார். 2010-ல், ராஜஸ்தானுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியுடன் நேரடியாகப் பேரம் பேசினார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. அது விதிமீறல் என்று ஐபிஎல் நிர்வாகம் அந்த சீசன் முழுக்க அவருக்குத் தடை போட்டது.

ராஜஸ்தான் அந்த வருடம் 8 அணிகளில் 7-வது இடம். அதற்கு ஜடேஜா இல்லாதது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், ஒரு ஆல்ரவுண்டர் போனால் கேப்டனுக்கு பேட்ஸ்மேன், பவுலர், ஃபீல்டர் என மூன்று பேர் குறைகிறார்கள்.

ஜடேஜாவுக்கு? ஒரு வருட ஐபிஎல் சம்பளமும் வாய்ப்பும் போச்சு. பிறகு 2011-ல் கொச்சி அணி எடுத்தது. 2012 ஏலத்தில் சென்னை 20 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. 2023 ஃபைனலின் கடைசி இரண்டு பந்தில் அவர் அடித்த சிக்ஸும் ஃபோரும் உங்களுக்கே தெரியும். 2025 நவம்பரில் டிரேடு மூலம் அதே ராஜஸ்தானுக்குத் திரும்பினார். கதை சுபம்தான். ஆனால், தடை விழுந்த அன்று அவருக்காகப் பேச ஒரு யூனியன் இருந்ததா? இல்லை.

யூனியன் இருந்தால் என்ன ஆகும்?

இதற்கு அமெரிக்கா பக்கம் போகணும். அமெரிக்கன் ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் என்பவர்தான் அணியின் மூளை. ஏறக்குறைய ஒவ்வொரு ஆட்டமும் அவர் கைக்குப் பந்து வந்த பிறகுதான் சூடு பிடிக்கும். அப்படி ஒரு ஸ்டார், நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் டாம் பிரேடி.

2015 ஜனவரியில் ஒரு முக்கியமான மேட்ச்சில் அந்த அணியின் பந்துகளில் காற்று குறைவாக இருந்ததாகப் புகார். பிரேடிக்கு இது தெரிந்திருக்கலாம் என்று சொல்லி, லீக் அவருக்கு 4 மேட்ச் தடை விதித்தது. அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம். பிரேடி அப்பீல் செய்தார். அதை விசாரித்தது யார் தெரியுமா? தண்டனை கொடுத்த லீக்கின் தலைவர் ரோஜர் குடெல்லேதான்!

இங்கேதான் ஆட்டக்காரர்கள் யூனியன் களமிறங்கியது. 'காற்றை இறக்கினாரா இல்லையா' என்பதைவிட, 'விசாரணை நியாயமாக நடந்ததா' என்பதுதான் அவர்களின் முக்கியமான கேள்வி. 2015 செப்டம்பரில் நீதிபதி தடையை ரத்து செய்தார். 2016 ஏப்ரலில் மேல் நீதிமன்றம் 2-1 என்ற கணக்கில் தடையைத் திரும்பக் கொண்டுவந்தது. அது சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: லீக் தலைவருக்கு அந்த அதிகாரம் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதே யூனியன்தான்!

டீம் என்ன ஆச்சு? பிரேடி இல்லாத 4 மேட்ச்சில் 3-ல் ஜெயித்தது. இரண்டு ஜூனியர்களுக்கு வாய்ப்பு கிடைத்தது. பிரேடி திரும்பி வந்து, 2017 பிப்ரவரியில் 25 பாயின்ட் பின்தங்கியிருந்த சூப்பர் பவுல் ஃபைனலையே ஜெயித்துக் கொடுத்தார். டீம் தாங்கிவிட்டது. அடி வாங்கியது யூனியன்தான்.

தோற்றாலும் அவர்கள் விடவில்லை. 2020-ல் போட்ட புது ஒப்பந்தத்தில், ஒழுங்கு விதி வழக்குகளை முதலில் விசாரிக்க இரு தரப்பும் சேர்ந்து ஓர் அதிகாரியை நியமிக்கும் முறை வந்தது. ஆனால், அப்பீல் இன்னமும் லீக் தலைவரின் கையில்தான்.

சங்கடமான கேள்வியும் உண்டு

2022-ல் கிளீவ்லாந்து அணியின் குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சன் மீது 20-க்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் புகார் சொல்லியிருந்தார்கள். புது முறைப்படி விசாரித்த அதிகாரி 6 மேட்ச் தடை கொடுத்தார். 'இது போதாது' என்று லீக் அப்பீல் போனது. கடைசியில் 11 மேட்ச் தடை, 50 லட்சம் டாலர் அபராதம் என்று பேசி முடித்தார்கள். அந்த 11 மேட்ச்சில் அணி ஜெயித்தது நாலே நாலு.

அப்போதும் யூனியன் வாட்சன் பக்கம்தான் நின்றது. 'இப்படிப்பட்ட ஆளுக்கா?' என்று கோபம் வருவது நியாயம்தான். ஆனால், ஸ்டாருக்குக் கோடிகளில் வக்கீல் கிடைப்பார். ஸ்டார் வழக்கில் ஒரு நடைமுறை உறுதியானால், நாளைக்கு அதே நடைமுறைதான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பேர் தெரியாத பையனுக்கும். யூனியன் காப்பாற்ற நினைப்பது அதைத்தான்.

நம்ம ஊர் நிலைமை? இந்தியக் கிரிக்கெட்டர்கள் சங்கம் 2019-ல் வந்தது. ஆனால், அது ஓய்வு பெற்றவர்களுக்கானது. இப்போது ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு பிசிசிஐ அங்கீகரித்த யூனியன் கிடையாது. இன்றைக்கு ஒரு 21 வயது பையனுக்குத் தடை விழுந்தாலும், 2010-ல் ஜடேஜா நின்ற அதே இடத்தில்தான் அவன் நிற்பான்.

சரி, உங்களுக்கு இதில் என்ன? முதல் வேலைக்கு ஆஃபர் லெட்டர் வரும்போது சம்பள வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். வேறு கம்பெனிக்குப் போக என்ன நிபந்தனை? புகார் வந்தால் விசாரிப்பது யார்? அப்பீல் யாரிடம்? இந்த மூன்றையும் தேடுங்கள். நிலையாணைகள் பொருந்தும் தொழிற்சாலையில் விசாரணைக்காக சஸ்பெண்ட் செய்தால், முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இது பலருக்குத் தெரியாது.

'கமிட்டி முடிவே இறுதியானது' என்ற வரி உங்கள் ஆர்டரிலும் எங்காவது சின்ன எழுத்தில் இருக்கலாம். கையெழுத்துக்கு முன்னாடி ஒருமுறை ஜூம் பண்ணிப் பார்த்துடுங்க மக்களே!