களஆய்வில் ஒளிப்படக் கருவிகளும் ஈரப்பதமும்: காப்பு முறைகள்

முன்னுரை

கல்வெட்டு, ஓலைச்சுவடி, நாட்டார் வழிபாடு ஆகிய களங்களில் பணிபுரியும் தமிழாய்வாளர்க்கு ஒளிப்படக் கருவி எழுதுகோலுக்கு இணையானது. திருப்பணியின்போது சாயம் பூசப்பட்டு மறைந்த கல்வெட்டிற்கும், செல்லரித்து உதிர்ந்த சுவடிக்கும் முன்னர் எடுத்த படமே சான்றாக எஞ்சுகிறது. அப்படத்தின் தெளிவை ஈரப்பதம் குலைக்கவல்லது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்தில் தமிழகக் கடலோரப் பகுதிகளில் இச்சிக்கல் மிகுகிறது. அதன் காரணங்களையும் காப்பு முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வில்லையில் பூஞ்சை

பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கும் உள்ளன. ஒப்பு ஈரப்பதம் 60 முதல் 70 விழுக்காட்டைக் கடந்து பல நாள் நீடிப்பின், வில்லையில் படிந்த தூசியையும் விரல்பட்ட எண்ணெய்ப் பசையையும் உணவாகக் கொண்டு அவை முளைக்கின்றன. சிலந்தி வலை போன்ற இழைகள் பரவுகின்றன. அவை வெளியிடும் அமிலம் வில்லையின் மேற்பூச்சை அரிக்கும். அரிப்பு நேர்ந்தபின் துடைத்தாலும் பழைய தெளிவு மீளாது. ஒளி சிதறுவதால் தேய்ந்த எழுத்தின் கீற்றுகள் கல்லின் பின்னணியோடு கலந்துவிடும். புள்ளி உண்டா இல்லையா என்பதே பாடத்தை முடிவுசெய்யும் இடங்களில் இது சிறு குறையன்று.

காப்புப் பெட்டி

கருவிகளை 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்தல் நன்று. மின் உலர்பெட்டி வாங்க இயலாதோர், ரப்பர் விளிம்புடைய காற்றுப்புகா நெகிழிப் பெட்டி, சிலிக்கா ஜெல், சிறிய ஈரமானி ஆகியவற்றைக் கொண்டே இந்நிலையை எய்தலாம்.

30 பாகை செல்சியசு வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று 20 லிட்டர் பெட்டியில் அடைபட்டால், அதிலுள்ள நீராவி ஏறத்தாழ அரை கிராமே. 100 கிராம் சிலிக்கா ஜெல் அதனைப் பன்மடங்கு ஈர்க்கும். எனினும் சில பெட்டிகளில் ஈரம் குறைவதில்லை. துணிப்பை, தோலுறை, தோள்வார் ஆகியன தம்முள் தேக்கிய ஈரத்தை வெளியிடுவதும், பெட்டியை அடிக்கடி திறப்பதுமே காரணங்கள். ஆதலின் கருவியை உறையின்றி வைத்தல் வேண்டும். நீலச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஏறத்தாழ 120 பாகையில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். அந்துருண்டையைத் தவிர்க்க வேண்டும். அதன் ஆவி வில்லைமேல் படியக்கூடும்.

களத்தில் நீர்படிதல்

குளிரூட்டிய அறையில் 24 பாகையில் இருந்த கருவியை, 32 பாகையும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள வெளிக்குக் கொண்டுவந்தால் அதன்மேல் நீர் படியும். அக்காற்றின் பனிநிலை ஏறத்தாழ 28 பாகையாகும். அறையைவிட்டு நீங்குமுன் கருவியை நெகிழிப் பையில் இறுக மூடி, வெளிவெப்பத்தை அடைந்தபின் திறத்தல் வேண்டும். இதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். அதற்குள் வில்லையைக் கழற்றுதல் கூடாது.

முடிவுரை

மேற்கண்டவற்றுள் பெரும்பாலானவை மிகுந்த பொருட்செலவு வேண்டாதவை. துறைகள் தம் கருவிகளைப் பீரோவில் தோலுறையோடு பூட்டிவைக்கும் வழக்கத்தை மாற்றி, காப்புப் பெட்டியும் மாதந்தோறும் வில்லையைச் சோதிக்கும் முறையும் மேற்கொள்வது, படத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வுகளுக்கு உறுதி சேர்க்கும்.