யமுனைக்கு அக்கரையில் ஒரு காலை நடை

ஊரிலிருந்து உறவினர் வந்துவிட்டால் மயூர் விஹார் தமிழர் வீடுகளில் நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் நாள் செங்கோட்டையும் குதுப் மினாரும். இரண்டாம் நாள் டூரிஸ்ட் பஸ்ஸில் ஆக்ரா. மூன்றாம் நாள் கரோல் பாகில் கடைகண்ணி. அத்துடன் லீவு தீர்ந்துவிடும். வந்தவர்கள் இறங்கியதும், திரும்ப ரயிலேறியதும் எந்த ஸ்டேஷன் என்று கேட்டால், பலருக்கு ஹஸ்ரத் நிஜாமுதீன்தான். கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் திருக்குறள் எக்ஸ்பிரஸ், கோவையிலிருந்து வரும் கொங்கு எக்ஸ்பிரஸ், மதுரையிலிருந்து வரும் சம்பர்க் கிராந்தி மூன்றும் வந்து சேருமிடம் அதுவே. மூட்டை முடிச்சுகளை ஆட்டோவில் ஏற்றிப் பேரம் பேசும் அவசரத்தில், அந்த ஸ்டேஷனைச் சுற்றி ஒரு மைலுக்குள் எழுநூறு வருஷச் சரித்திரம் இருப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தூரமும் அதிகமில்லை. மெட்ரோ பிங்க் லைனில் மயூர் விஹார்-1க்கு அடுத்த ஸ்டேஷனே சராய் காலே கான். நடுவே யமுனை மட்டும்தான். அந்த யமுனையும் முகலாயர் காலத்தில் இன்றுள்ள இடத்தில் ஓடவில்லை. ஹுமாயூன் சமாதியின் கிழக்கு மதிலுக்கு அருகில் ஓடிக்கொண்டிருந்த ஆறு, காலப்போக்கில் கிழக்கே விலகி மயூர் விஹார் பக்கம் வந்துவிட்டது. பழைய ஆற்றோரத்தில் இப்போது தண்டவாளம் போகிறது.

கால்நடையாகப் பார்க்க விரும்புவோர் வடக்கிலிருந்து தெற்காக வருவது உத்தமம். சராய் காலே கானில் இறங்கி, சுந்தர் நர்ஸரி வாசல் வரை ஓர் ஆட்டோ. அங்கிருந்து எல்லாம் நடைதான். உள்ளே சுற்றுவதையும் சேர்த்தால் நாலைந்து கிலோமீட்டர் வரலாம். பிப்ரவரி, மார்ச் மாதக் காலை நேரம் இதற்கு மிகவும் ஏற்றது. நவம்பரில் புகைமூட்டம். மே மாத வெயிலைப் பற்றித் தில்லிவாசிகளுக்குச் சொல்லவே வேண்டாம்.

சுந்தர் நர்ஸரி என்ற பெயரைக் கேட்டுச் செடி விற்கும் இடம் என்று எண்ணிவிட வேண்டாம். புது தில்லியை நிர்மாணித்த வெள்ளைக்காரர்கள், எந்தெந்த மரம் இந்த மண்ணுக்கு ஒத்துவரும் என்று பார்க்க வளர்த்த தோட்டம் அது. ஆகா கான் அறக்கட்டளை சீரமைத்த பின் 2018 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 90 ஏக்கர் பரப்பு. மரங்களுக்கு நடுவே 16-ஆம் நூற்றாண்டுச் சமாதிகள் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக ஜமக்காளம் விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நுழைவுக்குத் தனி டிக்கெட்.

சமாதிக்குள் ஒரு கிராமம்

அதற்குத் தெற்கே, மதிலுக்கு அந்தப் பக்கம், ஹுமாயூன் சமாதி. 1556 ஜனவரியில் புராணா கிலா நூலகத்தின் படிக்கட்டில் தவறி விழுந்து இறந்த சக்ரவர்த்திக்கு, அவர் மனைவியின் மேற்பார்வையில் 1560-களில் எழும்பத் தொடங்கிய கட்டடம். சிவப்புக் கல்லும் வெள்ளைப் பளிங்கும் கலந்த இந்த அமைப்பிலிருந்துதான் தாஜ்மகால் பிறந்தது என்று சொல்வார்கள். ஆக்ராவுக்கு விடியற்காலை பஸ் பிடிப்பவர்கள் முதலில் இதைப் பார்த்துவிட்டுப் போனால், அங்கே பார்ப்பது இன்னும் நன்றாக விளங்கும். 1993 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை.

1857 செப்டம்பரில் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் ஒளிந்திருந்து பிடிபட்டது இங்கேதான். ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கேயே 1862-இல் காலமானார். தொண்ணூறு வருஷம் கழித்து 1947-இல் இதே தோட்டம் அகதி முகாம் ஆயிற்று. வீடு வாசல் இழந்த ஆயிரக்கணக்கானோர் கூடாரமடித்துத் தங்கி, சமைத்து, பிள்ளை பெற்று வாழ்ந்த இடம் இந்தப் புல்தரை. வழிகாட்டிகள் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ராஜா ராணி கதைக்குத்தான் காசு பெயர்கிறது.

பிரதான வாசலிலிருந்து உள்ளே வருகையில் வலப்பக்கம் இருக்கும் எண்கோணக் கட்டடத்தைப் பலர் கவனிக்காமலே நடந்துவிடுகிறார்கள். அது ஈசா கான் சமாதி. 1547-48-இல் கட்டப்பட்டது, ஹுமாயூன் சமாதியைவிடச் சுமார் இருபது வருஷம் மூத்தது. ஹுமாயூனைத் தில்லியிலிருந்து விரட்டிய ஷேர் ஷாவின் தரப்புப் பிரபு ஈசா கான். பகையாளி வாசலிலேயே படுத்திருக்கிறார்! 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்த மதிலுக்குள் ஒரு கிராமமே குடியிருந்தது. பிறகுதான் அவர்களை அகற்றிப் புராதனச் சின்னமாக்கினார்கள்.

பச்சைப் பெயர், நீலக் கூரை

வெளியே வந்தால் மதுரா ரோடு ரவுண்டானா. நடுவில் நீல ஓடு பதித்த ஒரு சமாதி. பெயரோ சப்ஸ் புர்ஜ், அதாவது பச்சைக் கோபுரம். பிற்காலத்தில் பழுது பார்த்தபோது நீல ஓடு பதித்துவிட்டார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் இதைப் போலீஸ் நிலையமாகவும் வைத்திருந்தார்கள் என்பது வேடிக்கை.

ரோட்டைக் கடந்து மேற்கே போனால் நிஜாமுதீன் பஸ்தி. சந்துகள் குறுகலானவை, பூக்கடை, கபாப் கடை, அத்தர் கடை என்று நெரிசல். தலையில் கைக்குட்டையாவது கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத் தர்காவுக்குள் யாரும் போகலாம். நாகூருக்கும் ஏர்வாடிக்கும் போய் வந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 1325-இல் மறைந்த நிஜாமுதீன் அவுலியாவும், அதே வருஷம் அவரைத் தொடர்ந்து மறைந்த சீடர் அமீர் குஸ்ரோவும் இங்கே அடங்கியிருக்கிறார்கள். வியாழக்கிழமை மாலை கவ்வாலி நடக்கும். ஷாஜகானின் மகள் ஜஹானாராவின் சமாதியும் உள்ளேயே இருக்கிறது. மேலே கூரை இல்லை, புல் மட்டும்.

தர்காவை ஒட்டிய பாவ்லி என்னும் படிக்கிணறு 1321-22-இல் வெட்டப்பட்டது. அப்போது சுல்தான் கியாசுதீன் துக்ளக் தமது துக்ளகாபாத் கோட்டைக்கு ஊரிலுள்ள கூலியாட்களையெல்லாம் பிடித்துக்கொண்டார். அவர்கள் பகலில் கோட்டைக்கும் இரவில் விளக்கு வெளிச்சத்தில் கிணற்றுக்கும் உழைத்தார்களாம். சுல்தான் எண்ணெய் விற்பனையைத் தடுக்க, கிணற்று நீரையே ஊற்றி விளக்கு எரித்தார்கள் என்பது கர்ண பரம்பரைக் கதை. கதை எப்படியிருந்தாலும், கூலிக்காரர்கள் இருவேளை உழைத்தது நம்பக்கூடியதே. 2008-இல் இதன் சுவரில் ஒரு பகுதி இடிந்து விழுந்து, பிறகு சீர் செய்யப்பட்டது. ஊற்று இன்னும் வற்றவில்லை.

பஸ்தியிலேயே 1869-இல் மறைந்த உருதுக் கவிஞர் மிர்ஸா காலிபின் சமாதியும், அதன் பக்கத்தில் 64 பளிங்குத் தூண்கள் கொண்ட சௌசட் கம்பாவும் உள்ளன. இரண்டும் அரை மணியில் ஆகிவிடும்.

மதுரா ரோடுக்குத் திரும்பித் தெற்கே நடந்தால், இடப்பக்கம் அப்துர் ரஹீம் கான்-இ-கானான் சமாதி. தில்லிப் பள்ளிகளில் படிக்கும் நம் குழந்தைகள் ஹிந்திப் பாடத்தில் ரஹீமின் தோஹாக்களை உருப்போட்டிருப்பார்கள். அந்த ரஹீம் இவர்தான். மனைவிக்காக 1598-இல் இதைக் கட்டினார். 1627-இல் அவரையும் இங்கேயே அடக்கம் செய்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் சப்தர்ஜங் சமாதி கட்டுவதற்காக இதன் பளிங்கையும் சிவப்புக் கல்லையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஆறு வருஷ வேலைக்குப் பின் 2020 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. கும்மட்டத்தில் எல்லா இடத்திலும் புதுப் பளிங்கு பதிக்காமல், கொள்ளை போன கோலம் தெரியும்படி பெரும்பகுதியை அப்படியே விட்டிருப்பது நல்ல யோசனை.

பன்னிரண்டு தூண் பாலம்

கடைசியாக, ஸ்டேஷனுக்குத் தெற்கே இருக்கும் பாராபுலா. மேலே பறக்கும் மேம்பாலத்தைத்தான் பலருக்குத் தெரியும். காமன்வெல்த் விளையாட்டுக்காக 2010-இல் திறந்த பாலம் அது. அதை யமுனையைத் தாண்டி மயூர் விஹார் வரை நீட்டும் பணி 2017-இல் முடியும் என்று சொல்லப்பட்டு வருஷக்கணக்கில் இழுத்தது. அதற்குப் பெயர் கொடுத்த அசல் பாலம் தரையில் இருக்கிறது. ஜஹாங்கீர் காலத்தில், அரண்மனை அதிகாரி மிஹ்ர் பானு ஆகா கட்டியது. பன்னிரண்டு தூண், பதினொரு வளைவு. ஆக்ராவிலிருந்து வரும் ராஜபாட்டை இதன் வழியாகத்தான் ஹுமாயூன் சமாதி நோக்கிப் போயிற்று. நெடுங்காலம் இதன் மேல் காய்கறிக் கடைகளும் குப்பையும் மண்டிக் கிடந்தன. தொல்லியல் துறை சீரமைக்க முன்வந்தது சமீபத்தில்தான். நானூறு வருஷப் பாலத்துக்கு இது நியாயமே. முன்பே செய்திருக்க வேண்டியது.

அந்தப் பாலத்தை அடுத்த சாக்கடைக் கரையில்தான் மதராஸி கேம்ப் இருந்தது. தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் குடியிருந்த குடிசைப் பகுதி. ஜங்புராவிலும் நிஜாமுதீனிலும் வீட்டு வேலைக்கும் சமையலுக்கும் போனவர்கள் அந்தப் பெண்கள். மழைக்காலத்தில் வெள்ளம் வடிய ஆக்கிரமிப்பு தடையாக இருக்கிறது என்ற காரணத்தின் பேரில், தில்லி உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஜூன் 1 அன்று புல்டோஸர்கள் வந்தன. சுமார் 370 வீடுகள் தரைமட்டமாயின. இடிப்புக்கு முந்தைய கணக்கெடுப்பில் மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என்று ஏற்கப்பட்டவை 189 குடும்பங்கள். வீடு ஒதுக்கியதோ நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில். ஜங்புராவில் காலை ஆறு மணிக்குக் காபி போட்டுக் கொடுக்க வேண்டிய பெண், நரேலாவிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவாள்? தமிழ்ப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளின் பாடும் அதேதான். ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவி செய்வதாகத் தமிழக அரசு அறிவித்தது. சிலர் வேலையை விட முடியாமல் பக்கத்துத் தெருக்களிலேயே அதிக வாடகைக்கு அறை பிடித்தார்கள்.

ஈசா கான் மதிலுக்குள் இருந்த கிராமத்தாரின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. இந்தக் கரையிலும் பலகை எதுவும் கிடையாது. விவரம் வேண்டுவோர் அக்கம்பக்கத்துக் கடைகளில் விசாரித்தால், இடம் எது என்று கைகாட்டுவார்கள். அங்கிருந்து நிஜாமுதீன் ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான். நடைபாலத்தில் ஏறி மறுபக்கம் இறங்கினால் சராய் காலே கான் மெட்ரோ. அடுத்த ஸ்டேஷன் மயூர் விஹார்.