முகாமுக்குப் போகும் பிள்ளை



காப்பார் வட்டாரத்தில் ஒரு வீடு. பள்ளி விட்டு வந்த பிள்ளை, புத்தகப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டுகிறது. "அப்பா, கேம்ப் போகணும். டீச்சர் கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க." செம்பனைக் காட்டில் வேலை முடிந்து, அப்போதுதான் கால் கழுவி உட்கார்ந்த தந்தை, "ராத்திரி தங்கணுமா?" என்கிறார். ஆமாம் என்றதும் தாள் அலமாரிக்கு மேலே போய்விடுகிறது. பெண் பிள்ளையாக இருந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்தத் தாளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போடுவது என்பதைச் சொல்ல வந்தேன்.

பிள்ளைகளைக் கூடாரத்தில் தங்க வைத்துப் பழக்குவது நெடுநாளைய வழக்கம். 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களைக் கூட்டி ஒரு முகாம் நடத்தினார். பணக்கார வீட்டுப் பையன்களும் தொழிலாளர் வீட்டுப் பையன்களும் ஒரே கூடாரத்தில் படுத்தார்கள். ஒரே சட்டியில் சமைத்தார்கள். சாரணர் இயக்கம் பிறந்தது அங்கேதான். அடுத்த ஆண்டே அது மலாயாவுக்கும் வந்துவிட்டது.

ஜப்பானில் இது இன்னொரு விதம். 1976-ஆம் ஆண்டு முதல் நகனோ மாவட்டத்தின் யசாகா என்ற மலைக் கிராமத்தில், பட்டணத்துப் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கும் ஏற்பாடு உண்டானது. 2008-இல் அந்நாட்டின் மூன்று அமைச்சுகள் ஒன்றுசேர்ந்து, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளைக் கிராமத்துக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கின. பிள்ளைகள் விவசாயிகளின் வீட்டில் தங்குகிறார்கள். சேற்றில் இறங்கி நாற்று நடுகிறார்கள். முகாம்களில் மூடிபோட்ட அலுமினியப் பாத்திரத்தை விறகு நெருப்பின் மேல் தொங்கவிட்டுத் தாங்களே சோறாக்குகிறார்கள். சோறு அடிப்பிடித்தாலும் அதைத்தான் சாப்பிட வேண்டும்!

"சேறும் விறகும் எங்கள் பிள்ளைக்குப் புதிதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தோட்டத்துப் பிள்ளைக்கு மண்ணைக் காட்ட முகாம் தேவையில்லை. ஆனால், அம்மா எடுத்து வைக்காமல் தன் துணியைத் தானே மடிப்பது, மலாய், சீனப் பிள்ளைகளோடு ஒரே குழுவில் வேலையைப் பங்கிட்டுக்கொள்வது, கூச்சமில்லாமல் நாலு பேர் முன் பேசுவது ஆகியவற்றை லயத்து வாசலில் கற்றுக்கொள்ள முடியாது. இன்னொன்றும் உண்டு. நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பெண்ணில் 90 விழுக்காடு படிப்புக்கு. மீதி 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. சீருடை இயக்கமும் முகாமும் அந்தப் பத்தில் அடங்கும். பணமும் பயமும் காரணமாக நம் பிள்ளை அதை இழந்தால், நட்டம் பிற்பாடுதான் தெரியும்.

ஆனாலும் உங்கள் பயம் வீண் பயமல்ல. 2009-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் இரவு, பேராக் மாநிலத்தின் கோலா டிப்பாங்கில், முகாமுக்கு வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் தொங்குபாலத்தைக் கடந்தபோது பாலம் சரிந்தது. மூன்று சிறுமிகள் ஆற்றில் விழுந்து உயிரிழந்தார்கள். மூவரும் நம் இனத்துப் பிள்ளைகள். அந்தப் பெற்றோரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டவர்கள்தாம்.

ஆகவே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. முகாம் எங்கே? ஆற்றிலோ கடலிலோ இறக்குவார்களா? அப்படியானால் பாதுகாப்பு மிதவை உண்டா? நீச்சல் தெரிந்த பெரியவர்கள் எத்தனை பேர்? பெண் பிள்ளைகளோடு பெண் ஆசிரியை இரவிலும் தங்குவாரா? பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம்? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைத்தால் கையெழுத்துப் போடலாம். கிடைக்காவிட்டால், கிடைக்கும்வரை தாள் உங்களிடமே இருக்கட்டும்.

பிள்ளைக்கும் இரண்டு செய்திகளைச் சொல்லி அனுப்புங்கள். முதலாவது, ஆற்று வெள்ளம். நாம் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும். மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், அதுதான் 'கெப்பாலா ஆயர்' வரும் அடையாளம். செருப்பைத் தேடக்கூடாது, உடனே கரையேறி மேட்டுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, எலிக் காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள சிறு காயத்தின் வழியாகவும் நோயைக் கொடுக்கும். காயம் இருந்தால் ஆற்றில் இறங்க வேண்டாம். முகாமிலிருந்து திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு கண்டால் கிளினிக்குக்குக் கொண்டுபோய், "பிள்ளை ஆற்றில் குளித்தது" என்று மறவாமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை டாக்டருக்குப் பெரிய உதவி.

இளைப்பு நோய் உள்ள பிள்ளையானால் மருந்தை ஆசிரியர் கையில் கொடுத்து, எப்போது கொடுப்பது என்று எழுதியும் கொடுங்கள். கட்டணம் சுமையாக இருந்தால் தலைமையாசிரியரிடமோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமோ நேரே பேசுங்கள். பேசாமல் இருந்துவிட்டால் பிள்ளைக்கு விருப்பமில்லை என்றே நினைத்துக்கொள்வார்கள்.

கடைசியாக ஒன்று. பகலெல்லாம் ஆடிப் பாடும் பிள்ளைக்கு, படுக்கும் நேரத்தில்தான் வீட்டு ஞாபகம் வரும்; அழுகையும் வரும். அது இயல்பு. அதற்குமுன் ஓர் இரவு பாட்டி வீட்டிலோ சித்தி வீட்டிலோ தனியாகத் தங்கவிட்டுப் பாருங்கள். அதுவே முதல் முகாம்.

அலமாரி மேலே இருக்கும் தாளை இன்றைக்கு ஒரு தரம் எடுத்துப் படியுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.