'வந்தே மீனாக்ஷி'யும் ஐரிஷ் பான்ஜோவும்: ஒரே மெட்டு பொருந்துவது எப்படி?

முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) சமஸ்கிருதத்தில் இயற்றிய 'வந்தே மீனாக்ஷி' என்ற நோட்டுஸ்வரம், அயர்லாந்தின் 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' எனும் நடன மெட்டில் அமைந்தது. சென்னை ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியக் குழுவினர் வாசித்த இத்தகைய மெட்டுகளைத் தீட்சிதர் கேட்டதாகக் கூறப்படுகிறது.

அயர்லாந்தில் நடன மெட்டுகள் இன்று வயலினுடன் நான்கு தந்தி பான்ஜோவிலும் வாசிக்கப்படுகின்றன. 1960-களில் இதனைப் பரவலாக்கியவர் 'தி டப்ளினர்ஸ்' குழுவின் பார்னி மெக்கென்னா. வயலினின் அதே சுருதி வரிசையில், ஒரு ஸ்தாயி தாழ்த்தித் தந்திகள் கூட்டப்படுவதால் வயலின் மெட்டுகள் இதில் எளிதில் அமைகின்றன. (நம் கடைகளில் பான்ஜோ என விற்கப்படும், கட்டைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல்தாரா வேறு கருவி.)

ஆனால், மீட்டியதும் பான்ஜோவின் நாதம் விரைவில் அடங்கிவிடும். வில்லால் நீட்டி வாசிக்கும் இடங்களை, ஒரே ஸ்வரத்தை மும்முறை விரைந்து மீட்டிக் கலைஞர்கள் நிரப்புகின்றனர்.

வீணையைப் போல் தந்தியை இழுத்துக் கமகம் காட்டுவதும் இக்கருவியில் கடினம். சங்கராபரண ஸ்வரங்களில், பெரும்பாலும் கமகமின்றி அமைந்த நோட்டுஸ்வரங்களுக்கு அத்தடை இல்லை. 'வந்தே மீனாக்ஷி'யை ஸ்வரம் மாறாமல் அதில் வாசித்துவிடலாம்.