மாஸிக்கு எந்த பிஸ்டன்?

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ட்ராக்டருக்கு ஓய்வு கிடைப்பது அரிது. கோடையில் தோத்தாபுரி மாங்காயைக் கூழ் ஆலைக்கு இழுக்கும். கரும்பு வெட்டுக் காலத்தில் டிரெய்லரோடு மேடேறும். நடுவில் வேர்க்கடலைக் கொல்லையில் உழவு. தூசியும் பாரமும் தின்றுதின்று, பழைய மாஸி பெர்குசன் ஒரு நாள் நீலப்புகை விடத் தொடங்கும், ஆயில் குடிக்கும். இன்ஜின் வேலைக்கு நேரம் வந்துவிட்டது.

அப்போது கடைக்கு ஓடி ஒரு செட் பிஸ்டன் வாங்கிவிடுவதில்தான் பணம் பாழாகிறது. முதலில் பிளாக்கில் பொறித்த இன்ஜின் எண்ணைப் படிக்க வேண்டும். இந்த இன்ஜின்களின் பூர்வீகம் இங்கிலாந்தின் பெர்கின்ஸ். அதன் புகழ்பெற்ற 3.152 என்ற பெயரே ஒரு கணக்கு: மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம். அதிலும் இரண்டு வகை. ஏ3.152-இல் டீசல் ஹெட்டில் உள்ள தனி அறைக்குள் பற்றும். ஏடி3.152-இல் பிஸ்டன் தலையில் குடைந்த குழிக்குள் நேரே பீய்ச்சப்படும். இரண்டுக்கும் துளை சுமார் 91.4 மி.மீ., ஓட்டம் 127 மி.மீ. அதனால் ஒன்றின் பிஸ்டன் மற்றதன் சிலிண்டருக்குள் அழகாக இறங்கிவிடும். ஆனால் டீசல் சரியாக எரியாது.

அளவெடுப்பதுதான் அடுத்த வேலை. லைனர் சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்தில் சூடும் அழுத்தமும் அதிகம், ஆயில் குறைவு. அங்கேதான் தேய்மானம் மிகுதி. நகத்தால் வருடினாலே விளிம்பு தட்டுப்படும். மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்திலும், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையிலும் போர் கேஜ் வைத்தால் முட்டைவடிவம் எவ்வளவு என்று தெரியும். கிராங்கும் அப்படித்தான். அங்குலத்தில் ஆயிரத்துக்குப் பத்து, இருபது, முப்பது என்று படிப்படியாகத் தேய்ப்பார்கள். மெயின் பத்தில் நிற்கலாம், கான்ராடு இருபதுக்குப் போகலாம். பட்டறைக்காரர் அளவு சொல்லும் முன்பே பேரிங் வாங்கியவர் திருப்பிக் கொடுக்க அலைய வேண்டியதுதான்.

பாகங்கள் வந்த பிறகும் ஒரு சோதனை பாக்கி. புதிய ரிங்கை வெறும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக்கி நேராக அழுத்தி, இரு நுனிகளுக்கிடையே ஃபீலர் கேஜ் செருகிப் பார்க்க வேண்டும். துளையின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆயிரத்தில் மூன்று, நான்கு அங்குலம் என்பது பொது வழக்கு. கையேடு சொல்லும் எண்ணே இறுதி. இடைவெளி குறைந்தால் சூட்டில் நுனிகள் முட்டி ரிங் உடையும்.

இந்தப் பகுதிக்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி, சென்னை அருகே இருப்பது. பெர்கின்ஸ் நுட்பத்தில் இன்ஜின் செய்த சிம்சன் செம்பியத்தில் இருக்கிறது. பிஸ்டனுக்கு 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ், ட்ராக்டருக்கு 1960-இல் டாஃபே, பேரிங்குக்கு 1961-இல் பைமெட்டல் பேரிங்ஸ் என எல்லாமே அமால்கமேஷன்ஸ் குழுமத்துப் பிள்ளைகள். பழைய வண்டிகள் இவ்வளவு காலம் ஓடுவதற்கு இந்த அண்மைக்கும் பங்குண்டு.

பூட்டி முடித்த இன்ஜினை மணிக்கணக்கில் ஐடிலில் விடுவது பலரிடம் உள்ள பழக்கம். அது தவறு. பாரமில்லாமல் ஓடினால் லைனர் சுவர் கண்ணாடிபோல் மெருகேறி, ரிங் படியாமல் போய், மறுபடி ஆயில் குடிக்கும். முதல் நாளே மிதமான உழவுக்கு விடுவதுதான் சரி.