ஹெம்ப் விதை எண்ணெய்: இயல்பும் பயனும் பெயர்ச் சிக்கலும்

முன்னுரை

கன்னாபிஸ் சட்டைவா என்னும் தாவரத்தின் விதையிலிருந்து பிழியப்படுவது ஹெம்ப் விதை எண்ணெய் ஆகும். தமிழில் இது ‘சணல் விதை எண்ணெய்’ எனவும் பெயர்க்கப்படுகிறது. இவ்வெண்ணெயின் இயல்புகளையும் பயன்களையும் விளக்கி, இப்பெயரால் நேரும் இடரைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேதியியல் இயல்புகள்

விதையின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு எண்ணெயாகும். சூடேற்றாமல் பிழியப்படும் எண்ணெய் பச்சையத்தால் பசுமை நிறம் பெறுகிறது. இதன் கொழுப்பு அமிலங்களுள் பாதிக்கு மேற்பட்டது லினோலியிக் அமிலம். ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி அமைவது ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். எனவே ஒமேகா-6, ஒமேகா-3 ஆகியவற்றின் விகிதம் ஏறக்குறைய 3:1 என அமைகிறது. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஒமேகா-3 மிகக் குறைவு என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இவ்வமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் மிகுதி. அவை காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் எளிதில் வினைபுரிவதால் எண்ணெய் விரைவில் சிக்கலடிக்கும். ஆகவே ஒளிபுகாத புட்டியில், குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். பொரிப்பதற்கு இது ஏற்றதன்று. அதே வினையால் இவ்வெண்ணெய் மெல்லிய படலமாக உலர்வதால் வண்ணப்பூச்சு, மெருகெண்ணெய் ஆகியவற்றிலும் பயன்பட்டு வந்துள்ளது.

பயன்கள்

உத்தராகண்டின் குமாவோன், கட்வால் பகுதிகளில் இவ்விதையை வறுத்துத் துவையல் அரைப்பது மரபு. எண்ணெய் சமைக்காத உணவுகளிலும் சோப்பு, தோல் களிம்பு முதலியவற்றிலும் சேர்க்கப்படுகிறது. தோல் அழற்சி உடையோரிடம் பின்லாந்தில் நடத்தப்பெற்று 2005-இல் வெளியான ஆய்வு, இதனை உட்கொண்டோர்க்குத் தோல் வறட்சி குறைந்ததாகக் கூறுகிறது. எனினும் அது சிறிய ஆய்வு. இதனைக் கொண்டு எண்ணெயை மருந்தெனக் கொள்ளல் பொருந்தாது.

சட்டநிலை

போதைப்பொருள் தடுப்புக்கான 1985-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், பூக்காய் நுனிகளோடு சேராத விதையைக் கஞ்சா என்னும் வரையறையிலிருந்து விலக்குகிறது. போதை தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினால் விதையினுள் உருவாவதன்று. பூவிதழ்ச் செதில்களின் பிசினிலிருந்து விதையின் மேல் ஒட்டுவது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021-இல் இவ்விதையையும் எண்ணெயையும் உணவாக ஏற்று, எண்ணெயில் இப்பொருளின் அளவு கிலோவிற்கு 10 மில்லிகிராமை மிகலாகாது என வரையறுத்தது. இலை, பூக்களிலிருந்து எடுக்கப்படும் கன்னாபிடியால் எண்ணெய் இதனின் வேறானது.

பெயர்ச் சிக்கல்

தமிழ் வழக்கில் சணல் என்பது சாக்கு நெய்யப்படும் நாரையும் அதனைத் தரும் செடியையும் குறிக்கும். பசுந்தாள் உரமாக விதைக்கப்படும் சணப்பும் சணல் எனப்படுவதுண்டு. சணப்பு விதையில் கல்லீரலுக்கு ஊறு செய்யும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகளும், சாக்குச் சணலின் விதையில் இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடுகளும் உள்ளன. ‘சணல் விதை உடலுக்கு நல்லது’ எனப் படிக்கும் ஒருவர் உரக்கடையில் கிடைக்கும் விதையை உண்ண நேரின், மொழிபெயர்ப்புப் பிழை உடல்நலக் கேடாக முடியும். ‘கஞ்சா விதை எண்ணெய்’ என்பது தாவரத்தைச் சரியாகக் குறிப்பினும், போதைப்பொருள் என்னும் தவறான எண்ணத்தைத் தருகிறது.

முடிவுரை

ஒமேகா கொழுப்பு அமிலங்களின் அமைப்பால் இவ்வெண்ணெய் உணவு மதிப்புடையது. எளிதில் கெடுவது அதன் வரம்பு. தமிழில் இதனைப் பற்றி எழுதுவோர் ‘ஹெம்ப் விதை எண்ணெய்’ என்னும் ஒலிபெயர்ப்பைக் கொண்டு, தாவரவியற் பெயரையும் உடன் தருதலே பொருள் மயக்கத்தைத் தவிர்க்கும் வழியாகும்.